மிரா அல்பாசா

மிரா அல்பாசா (பெப்ரவரி 21, 1878 – நவம்பர் 17, 1973) பாரிசில் பிறந்து புதுச்சேரியில் வாழ்ந்து மறைந்த ஆன்மிகவாதியும் கல்வியாளரும் ஆவார். ஸ்ரீ அரவிந்தரின் ஆன்மிகத் துணைவராக அறியப்படும் இவரைப் பின்பற்றுவோர் ஸ்ரீ அன்னை என அழைப்பர். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நடத்தியவர்; ஆரோவில் நகரை நிறுவியவர். இவரது ஆன்மிக வாழ்வு பற்றிப் பெரிதும் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் புதுச்சேரி நகரில் சிறுவர் சிறுமியரை வயதுவாரியாகக் குழுக்களாக்கி, சீருடை, கொடி, அணிவகுப்பு, ஆண்டுப் போட்டி ஆகியவற்றுடன் இவர் வளர்த்த உடற்கல்வி அமைப்பு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பிறப்பும் இளமையும்

மிராவின் தந்தை மோரிஸ் அல்பாசா துருக்கியைச் சேர்ந்த யூத வங்கியாளர். தாய் மத்தில்டு இஸ்மாலுன் எகிப்தைச் சேர்ந்தவர். மிரா பிறப்பதற்குச் சிறிது காலம் முன்புதான் இக்குடும்பம் பிரான்சில் குடியேறியது. மூத்த சகோதரர் மத்தியோ பின்னாளில் பிரெஞ்சுக் குடியேற்ற நாட்டு ஆட்சியில் உயர்பதவி வகித்தார். மத்தில்டு கண்டிப்பு மிக்கவர். சமய நம்பிக்கை அற்றவர். பிள்ளைகள் எதிலும் முதன்மை பெற வேண்டும் என்பது அவர் எண்ணம். மிரா எட்டு வயதில் டென்னிசு ஆடக் கற்றார். அந்த ஆட்டத்தின் மீதான விருப்பம் முதுமை வரை அவரை விடவில்லை.

வளர்பருவத்தில் அவர் பாரிசின் ஜூலியன் கலைக்கூடத்தில் ஓவியம் பயின்றார். 1897 இல் ஓவியர் ஆன்றி மொரிசே என்பவரை மணந்தார். மறு ஆண்டு ஆந்திரே என்னும் மகன் பிறந்தார். மிராவின் ஓவியங்கள் பாரிசின் புகழ்பெற்ற ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றன. 1906, 1907 ஆம் ஆண்டுகளில் அல்சீரியாவின் திலெம்சென் நகருக்குச் சென்று மாக்சு தியோன் என்பவரிடம் மறைஞானப் பயிற்சி பெற்றார். 1908 இல் மணமுறிவு ஏற்பட்டது. 1911 இல் சட்டம் பயின்றவரும் மெய்யியல் ஆர்வலருமான பவுல் ரிசார் என்பவரை மணந்தார்.

புதுச்சேரி வருகை

அக்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு இந்தியா பாரிசு நாடாளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமை பெற்றிருந்தது. 1910 இல் தேர்தல் பணிக்காகப் புதுச்சேரி வந்த பவுல் ரிசார், அதே ஆண்டு ஏப்ரலில் ஆங்கில அரசின் கண்காணிப்பிலிருந்து விலகி அங்கு வந்து சேர்ந்திருந்த அரவிந்தரைச் சந்தித்தார். 1914 இல் அவர் தாமே தேர்தலில் போட்டியிட வந்தபோது மிராவும் உடன் வந்தார். 1914 மார்ச் 29 அன்று மிரா அரவிந்தரை முதன்முதலாகக் கண்டார். ரிசார் தேர்தலில் தோற்றார். ஆனால் அவ்வாண்டு ஆகத்து 15 அன்று அரவிந்தரும் ரிசார் இணையரும் சேர்ந்து ஆர்யா என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கினர். சுப்பிரமணிய பாரதியும் வ. வே. சு. ஐயரும் இதே ஊரில் புகலிடம் பெற்றிருந்த காலம் அது.

முதல் உலகப் போர் காரணமாக 1915 பெப்ரவரியில் மிரா பிரான்சு திரும்ப நேர்ந்தது. 1916 முதல் 1920 வரை சப்பானில் வாழ்ந்தார். அங்கிருந்தபோது சிறுவர்களுக்கான அறநெறிக் கதைகளைப் பிரெஞ்சில் எழுதினார். எப். ஜே. கூல்டு என்னும் ஆங்கிலேயர் இந்தியச் சிறுவர்களுக்கென எழுதிய நூலைத் தழுவி அமைந்தவை அவை. முப்பது ஆண்டுகள் கழித்து அக்கதைகளுக்குப் புதுச்சேரியில் புதிய பயன் கிடைத்தது. அது பின்னர் கூறப்படும்.

1920 ஏப்ரல் 24 அன்று மிரா மீண்டும் புதுச்சேரி வந்தார். அதன்பின் அவர் இந்நகரை விட்டு நிலையாக வேறெங்கும் செல்லவில்லை. ரிசார் பிரிந்து சென்றார். 1926 நவம்பர் 24 க்குப் பின் அரவிந்தர் தனிமையில் அமர்ந்தார். அவரைச் சூழ்ந்திருந்த சிறு குழுவை நடத்தும் பொறுப்பு முழுவதும் மிராவிடம் வந்தது. ஆசிரமம் முறையாகத் தோன்றிய நாளாக இந்நாளே கருதப்படுகிறது. மிரா அன்னை என அழைக்கப்படத் தொடங்கியதும் இக்காலத்திலேயே ஆகும்.

ஆசிரமத்தில் குழந்தைகள்

தொடக்கத்தில் ஆசிரமம் குழந்தைகளுக்கான இடமாக இருக்கவில்லை. குடும்பப் பிணைப்பை விட்டு வந்தவர்களே அங்கு வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றிய பின் வங்காளமும் கிழக்குக் கடற்கரையும் அச்சத்தில் ஆழ்ந்தன. அரவிந்தரைப் பின்பற்றிய பல குடும்பத்தினர் தம் பிள்ளைகளுடன் புதுச்சேரியில் அடைக்கலம் கேட்டனர். அவர்களை ஏற்றுக்கொண்ட அன்னை, 1943 திசம்பர் 2 அன்று ஏறத்தாழ இருபது சிறுவர் சிறுமியருடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதலில் அவரே பாடம் நடத்தவும் செய்தார்.

மௌனமும் தியானமும் நிலவிய தெருக்களில் திடீரெனக் குழந்தைகளின் இரைச்சல் எழுந்தது. பாட வேளை முடிந்ததும் இப்பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. இதற்கான விடையே உடற்கல்வி அமைப்பு எனலாம்.

உடற்கல்விக் குழுக்கள்

1945 இல் வங்காளத்தைச் சேர்ந்த பிரணாப் குமார் பட்டாச்சார்யா ஆசிரமத்தில் நிலையாகத் தங்க வந்தார். உடற்பயிற்சியில் தேர்ந்த அவரிடம் அன்னை பிள்ளைகளை ஒப்படைத்தார். சிலரைக் கொண்டு தொடங்கிய பயிற்சி, ஆசிரம இளைஞர் விளையாட்டுக் கழகம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் அமைப்பாகியது. அப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அது சுருக்கமாக ஜே.எஸ்.ஏ.எஸ்.ஏ. என வழங்கப்பட்டது. பின்னர் அது ஆசிரமத்தின் உடற்கல்வித் துறை ஆயிற்று.

பிள்ளைகள் வயதையும் திறனையும் கொண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவும் சீருடையின் நிறத்தால் அறியப்பட்டது. சிறு பிள்ளைகளைக் கொண்டது பச்சைக் குழு. வயது ஏற ஏற நிறம் மாறும். ஒரு பிள்ளை அடுத்த நிறத்திற்கு மாறுவது அவன் அல்லது அவள் வளர்ந்துவிட்டதை ஊர் அறியச் செய்யும் நிகழ்வாக இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் குழுத்தலைவர்கள் இருந்தனர். பெரியவர்களும் மூத்த மாணவர்களும் இப்பொறுப்பை ஏற்றனர். எனவே நேற்று பயிற்சி பெற்றவர் இன்று பயிற்சி அளிப்பவர் ஆவது இயல்பாக நிகழ்ந்தது.

மாலைதோறும் பயிற்சி நடந்தது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் முதலிய தடகளம், நீச்சல், சீருடற்பயிற்சி, குத்துச்சண்டை, மற்போர், கூடைப்பந்து, கால்பந்து, ஆசனங்கள் எனப் பலவும் இடம்பெற்றன. ஆண்டு முழுவதும் ஒன்றையே செய்யாமல், ஒவ்வொரு பருவத்திற்கும் ஒரு வகைப் பயிற்சி என வகுக்கப்பட்டிருந்தது. பருவத்தின் முடிவில் போட்டிகள் நடைபெற்றன. ஆண்டின் நிறைவாகப் பள்ளி தொடங்கிய நாளான திசம்பர் 2 அன்று அனைத்துக் குழுக்களும் கலந்துகொள்ளும் உடற்பயிற்சிக் காட்சி நடத்தப்பட்டது. தரிசன நாட்களில் குழுக்கள் அணிவகுத்துச் செல்ல, அன்னை நின்று வணக்கத்தை ஏற்பார். விளையாட்டுத் திடலின் சுவரில் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் பெரிய நிலவரைபடம் அமைக்கப்பட்டிருந்தது. அதன் முன் அவர் நிற்கும் ஒளிப்படங்கள் புகழ்பெற்றவை.

சாரணர் இயக்கத்தோடு ஒப்பீடு

சீருடை, கொடி, வயதுக் குழு, இளந்தலைவர், அணிவகுப்பு ஆகியவற்றைக் காண்போருக்குச் சாரணர் இயக்கம் நினைவுக்கு வருவது இயல்பு. பேடன் பவல் 1907 இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்து வளர்ந்த அவ்வியக்கம் 1909 இல் பெங்களூரில் கால்பதித்தது. அப்போது அது இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியச் சிறுவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்காக அன்னி பெசண்ட் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் தொடங்க நேர்ந்ததும் இதனாலேயே. நாடு விடுதலை பெற்ற பின் 1950 இல் பல சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் அமைப்பு உருவாயிற்று. புதுச்சேரி ஆசிரமத்தின் குழுக்கள் இவ்வியக்கத்தின் கிளை அல்ல. வெளித்தோற்றத்தில் மட்டுமே ஒத்தவை.

இரண்டுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு தேர்ச்சி பற்றியது. சாரணர் ஒருவர் முடிச்சிடுதல், முதலுதவி, வரைபடம் படித்தல், சமைத்தல் எனத் தனித்தனித் திறன்களில் தேர்வு பெற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொள்வார். சின்னங்களின் எண்ணிக்கையே அவரது வளர்ச்சியைக் காட்டும். அன்னையின் பள்ளியோ பட்டமும் சான்றிதழும் வழங்காத பள்ளி. வேலைக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் படிப்பதை அவர் ஏற்கவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலில் நிறுத்தக் கடிகாரமும் அளவு நாடாவும் இருந்தன. முடிவுகள் குறித்து வைக்கப்பட்டன, பரிசுகளும் வழங்கப்பட்டன. வகுப்பறையில் தேர்வை விலக்கிய ஒருவர் திடலில் அளவீட்டை ஏற்றது முரணாகத் தோன்றலாம். உடலின் முன்னேற்றத்தைக் கண்ணால் கண்டு சரிபார்க்க இயலும் என்பதும், பிறரை வெல்வதைவிடத் தன் முந்தைய நிலையைக் கடப்பதே நோக்கம் என்பதும் அவரது விளக்கமாக இருந்தன.

கழகக் கொடி

சதுரமான வெள்ளி நீலத் துணியின் நடுவில் பொன்னிறத் தாமரை பொறித்த கொடி ஒன்று கழகத்திற்கு இருந்தது. தாமரையின் உள்வரிசையில் நான்கு இதழ்களும் வெளிவரிசையில் பன்னிரண்டு இதழ்களும் உண்டு. பிள்ளைகளின் விளையாட்டுக் கழகத்திற்கென உருவான இக்கொடி வேறொரு வரலாற்றையும் பெற்றது. 1947 ஆகத்து 15 இந்தியாவின் விடுதலை நாள். அரவிந்தரின் 75 ஆவது பிறந்தநாளும் அதுவே. அன்று புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. ஆசிரமக் கட்டடத்தின் மேல் அன்னை இக்கொடியை ஏற்றினார். இந்தியாவின் ஆன்மிகப் பணியைக் குறிப்பதாகவும் அது அன்று முதல் கொள்ளப்பட்டது. அன்று மாலை ஆசிரமத்தின் மீது தாக்குதல் நிகழ்ந்தது. ஆசிரமவாசி ஒருவர் கொல்லப்பட்டார்.

எழுந்த எதிர்ப்பு

உடற்கல்வி அமைப்பு இரண்டு திசைகளிலிருந்து எதிர்ப்பைச் சந்தித்தது. முதலாவது, பெண் பிள்ளைகள் பற்றியது. சிறுவர்கள் செய்யும் பயிற்சிகளையே சிறுமியரும் இளம்பெண்களும் செய்ய வேண்டும் என அன்னை முடிவு செய்தார். புடவையும் நீண்ட உடையும் ஓட்டத்திற்கும் தாண்டுதலுக்கும் இடையூறாக இருந்ததால், அரைக்காற்சட்டையும் சட்டையும், கூந்தலை அடக்கிக் கட்டும் துணிக்குல்லாயும் பெண்களுக்கும் சீருடை ஆயின. 1940 களின் பிற்பகுதியில், தென்னிந்தியாவின் ஒரு சிறு கடற்கரை நகரில், நடுத்தரக் குடும்பத்து இளம்பெண்கள் இவ்வுடையில் திடலுக்கு வந்தது எளிதான செயல் அன்று. பெற்றோரிடையேயும் பழமை விரும்பிகளிடையேயும் முணுமுணுப்பு எழுந்தது. அன்னை பின்வாங்கவில்லை. பெண்ணுடல் மென்மையானது, கடும் பயிற்சிக்கு ஏற்றதன்று என்னும் கருத்தை அவர் தொடர்ந்து மறுத்து வந்தார். பெண்களின் உடல்நலம், மாதவிலக்குக் காலப் பயிற்சி ஆகியவை பற்றி மாணவியர் கேட்ட கேள்விகளுக்கு அவர் வெளிப்படையாக எழுதிய விடைகள் பின்னர் அச்சிலும் வந்தன. இந்திய ஆசிரமங்களின் வரலாற்றில் இது அரிதான ஒன்றாகும்.

இரண்டாவது எதிர்ப்பு மூத்த சாதகர்களிடமிருந்து வந்தது. துறவு மனத்துடன் வந்தவர்களுக்கு, ஆசிரமம் விளையாட்டு மன்றமாக மாறிவிட்டதோ என்ற ஐயம் தோன்றியது. அன்னை மாலை நேரங்களைத் திடலில் கழித்ததால் தமக்கு அவரை அணுகும் வாய்ப்புக் குறைந்துவிட்டது என்ற மனக்குறையும் இதில் கலந்திருந்தது. அரவிந்தர் கடிதங்கள் மூலம் இதற்கு விளக்கமளித்தார். விளையாட்டு முதன்மையாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, சாதகர் எவர் மீதும் அது திணிக்கப்படவில்லை, விருப்பமற்றோர் விலகி இருக்கலாம் என்பது அவற்றின் சாரம். 1949 பெப்ரவரியில் உடற்கல்விக்கெனக் காலாண்டிதழ் ஒன்று தொடங்கப்பட்டபோது அதற்கு அவரே தொடர்ந்து எழுதினார். மனித உடலின் எதிர்காலம் பற்றிய அவரது கடைசிக் கட்டுரைகள் இவ்வாறு ஒரு விளையாட்டு இதழிலேயே வெளிவந்தன. எதிர்ப்பு முழுமையாக அடங்கியதோ இல்லையோ, வாதம் அத்துடன் தணிந்தது.

திடலில் அன்னை

1940 களின் இறுதியில், எழுபது வயதில், அன்னை நாள்தோறும் கடற்கரையை ஒட்டிய ஆடுகளத்தில் டென்னிசு ஆடினார். அதன்பின் விளையாட்டுத் திடலுக்கு வந்து பயிற்சிகளைப் பார்வையிடுவார். பிள்ளைகளுக்கு வேர்க்கடலையோ மிட்டாயோ தம் கையால் வழங்குவார். திடலுக்கு வரும்போது புடவையை விட்டுக் காற்சட்டையும் நீண்ட சட்டையும் தலைக்குல்லாயும் அணிவார்.

பயிற்சி முடிந்த பின் அதே திடலில் வகுப்பு நடைபெற்றது. பிள்ளைகள் தரையில் சூழ்ந்து அமர, அன்னை பிரெஞ்சு மொழியில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறுவார். சப்பானில் எழுதிய அறநெறிக் கதைகள் இங்கு பச்சைக் குழுவின் சிறு பிள்ளைகளுக்குப் பாடமாயின. 1950 முதல் 1958 வரை நடந்த இவ்வுரையாடல்கள் பல தொகுதிகளாக அச்சிடப்பட்டுள்ளன. அவரது சிந்தனையை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது இத்தொகுதிகளையே ஆகும்.

1949 நவம்பரில் மகன் ஆந்திரே புதுச்சேரி வந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிந்த தாயும் மகனும் மீண்டும் சந்தித்தபோது மகனுக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பிறர் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோருக்கு அன்னையாக இருந்தவரின் வாழ்வில் இதுவும் ஒரு பக்கம்.

அரவிந்தரின் மறைவுக்குப் பின்

1950 திசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். பன்னிரண்டு நாட்கள் அனைத்துப் பணிகளும் நிறுத்தப்பட்டன. பின்னர் அன்னை ஆசிரமத்தைத் தொடர்ந்து நடத்தினார். 1952 சனவரி 6 அன்று ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுப் பல்கலைக்கழக மையம் தொடங்கப்பட்டது. 1959 இல் இது பன்னாட்டுக் கல்வி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கணிதமும் அறிவியலும் பிரெஞ்சு மொழியிலும் பிற பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கப்பட்டன. மாணவர் தம் வேகத்தில் முன்னேறும் முறை பின்பற்றப்பட்டது.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன், பிறப்பால் பிரெஞ்சுக் குடிமகளான தாம் இந்தியக் குடியுரிமையையும் சேர்த்துப் பெற விரும்புவதாக அன்னை அறிவித்தார். 1955 இல் பிரதமர் நேரு ஆசிரமத்திற்கு வருகை தந்தார். காமராசர், லால் பகதூர் சாத்திரி, இந்திரா காந்தி ஆகியோர் உடனிருந்தனர். வந்த விருந்தினருக்கு அன்னை காட்டியவற்றில் பிள்ளைகளின் உடற்பயிற்சியும் ஒன்று.

நகரின் தமிழ் மக்களுக்கும் ஆசிரமத்திற்கும் இடையிலான உறவு எப்போதும் சீராக இருந்ததில்லை. வங்காளிகளும் குசராத்திகளும் மிகுந்திருந்த ஆசிரமம் வெளியூராரின் நிறுவனமாகவே பலருக்குத் தோன்றியது. 1965 பெப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது ஆசிரமக் கட்டடங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. உடற்கல்விக் குழுக்களின் பயனும் பெரிதும் ஆசிரமப் பள்ளியின் பிள்ளைகளோடு நின்றது. நகரின் பிற பள்ளிகளுக்கு அது பரவவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதிக் காலம்

1958 திசம்பரில் உடல்நலக் குறைவால் அன்னை டென்னிசு ஆடுவதையும் திடலுக்கு வருவதையும் நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது எண்பது. 1962 மார்ச்சில் ஏற்பட்ட கடும் நோய்க்குப் பின் ஆசிரமத்தின் மாடி அறையை விட்டு வெளிவரவில்லை. தரிசன நாட்களில் மட்டும் மேல்மாடத்தில் தோன்றினார். அந்த அறையிலிருந்தே ஆரோவில் திட்டத்தை உருவாக்கினார். 1968 பெப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது 124 நாடுகளின் மண்ணை இளைஞர்கள் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவக் கலயத்தில் இட்டனர்.

1973 நவம்பர் 17 அன்று தமது 95 ஆம் வயதில் அன்னை காலமானார். ஆசிரம முற்றத்தில் மர நிழலில் அமைந்த அரவிந்தரின் சமாதியிலேயே அவரது உடலும் அடக்கம் செய்யப்பட்டது. பிரணாப் குமார் பட்டாச்சார்யா அதன்பின் பல ஆண்டுகள் உடற்கல்வித் துறையை வழிநடத்தினார். திசம்பர் 2 உடற்பயிற்சிக் காட்சி அன்னையின் மறைவுக்குப் பின்னரும் ஆசிரமத்தின் விளையாட்டு அரங்கில் நடத்தப்பட்டு வந்தது.